கல்லறைத் தோட்டம் மட்டும் போதுமா?

நம் பங்குகளில் 'தோட்டம்' என்னும் சொல் இன்று எஞ்சி நிற்பது ஒரே ஓர் இடத்தில்தான். அது கல்லறைத் தோட்டம். ஆலயத்தைச் சூழ்ந்து வேம்பும் புளியும் முருங்கையும் நின்ற நிலம் சிமெண்டுத் தளமாயிற்று. தளத்தின்மேல் வண்ணக் கற்கள் பதிக்கப்பட்டன. கெபியின் அருகே மின்விசையால் நீர் கொட்டும் செயற்கை அருவி எழுந்தது. பள்ளி வளாகத்தின் கிணற்றங்கரைப் பாத்திகள் வாகனங்கள் நிறுத்தும் இடமாயின. இவை அனைத்தையும் வளர்ச்சி என்று ஆண்டறிக்கையில் எழுதிக்கொள்கிறோம். இறந்தவர்க்கு மண் ஒதுக்கத் தவறாத நாம், உயிரோடு இருப்பவர்க்கு ஒரு சென்ட் மண்ணையும் விட்டுவைக்கவில்லை. இப்படிச் சொன்னால் சிலருக்குக் கசக்கும். கசந்தாலும் சொல்லத்தான் வேண்டும்.

தருமபுரி மாவட்டத்தின் நகர்ப்புறப் பங்கு ஒவ்வொன்றிலும், உணவுப் பயிர் வளர்க்கக் கற்றுத்தரும் பொதுத் தோட்டம் ஒன்று அமைய வேண்டும். இதுவே எமது கோரிக்கை. மறைக்கல்விக்கு ஓர் அறை வேண்டும் என்றால் எவரும் மறுப்பதில்லை; பாடகர் குழுவுக்கு இசைக்கருவி வேண்டும் என்றால் காணிக்கை குவிகிறது. தோட்டம் வேண்டும் என்றால் மட்டும் பங்குப் பேரவையில் ஒரு புன்னகை பரவுகிறது. அந்தப் புன்னகைக்குப் பின்னால் என்னென்ன எண்ணங்கள் ஒளிந்திருக்கின்றன என்பதை ஒவ்வொன்றாக வெளியே எடுத்துப் பார்ப்போம்.

முதலில் நம் சடங்கைப் பார்ப்போம். 2015-ஆம் ஆண்டில் திருத்தந்தை பிரான்சிஸ் 'இறைவா உமக்கே புகழ்' என்னும் சுற்றுமடலை வழங்கினார். அதே ஆண்டில், செப்டம்பர் முதல் நாளைப் படைப்பைப் பேணுவதற்கான இறைவேண்டல் நாளாகத் திருச்சபைக்கு ஏற்படுத்தினார். அதன்பின் நாம் செய்துவருவது என்ன? மரக்கன்று நடுவிழா. பதாகை கட்டுகிறோம், பொன்னாடை போர்த்துகிறோம், ஒரே கன்றைப் பதினைந்து கைகள் பிடித்திருக்க நிழற்படம் எடுக்கிறோம். மறுவாரம் ஆடு மேய்ந்துவிடுகிறது. அடுத்த செப்டம்பரில் குழி தோண்டும் வேலை மிச்சம். பழைய குழியே காத்திருக்கிறது! கன்று நடுவது ஒரு நாள் செயல்; வளர்ப்பது நாள்தோறும் கற்க வேண்டிய கலை. முதலதைக் கொண்டாடி இரண்டாவதைக் கைவிட்டோம். திருமுழுக்குக் கொடுத்துவிட்டு மறைக்கல்வி தராமல் விட்ட பிள்ளையைப் போல அந்தக் கன்று வாடுகிறது.

"தருமபுரியே வேளாண் மாவட்டம். இங்கே நகரத்தில் தோட்டம் எதற்கு? ஆற்றங்கரையில் கிணறு வெட்டுவது போலல்லவா?" என்று கேட்பார் உளர். கேள்வி நியாயமானதே. 2011-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி இம்மாவட்டத்தின் 15 இலட்சம் மக்களில் நகர்ப்புறத்தார் நூற்றுக்கு 17 பேரே. ஆயினும், தேவை ஏன் என்பதற்கான விடையும் அதிலேயே இருக்கிறது. அந்த 17 பேரில் பெரும்பாலோர் ஒரு தலைமுறைக்கு முன் ஊரிலிருந்து வந்தவர்கள். பாட்டிக்கு ராகிக் கொல்லையின் நடுவே சால் பிடித்து அவரையும் கடுகும் விதைக்கத் தெரியும். எந்தக் கீரை எந்த மழைக்கு எழும் என்று தெரியும். பீர்க்கு விதையைச் சாம்பலில் புரட்டி மறு ஆண்டுக்கு வைக்கத் தெரியும். மகளுக்கு அதில் பாதி தெரியும். பேத்திக்குப் பீர்க்கங்காய் கடையில் கிடைக்கும் என்பது மட்டும் தெரியும். அறிவுச் செல்வம் இப்படி மூன்றே படிகளில் கரைந்து போகிறது. பாட்டியைக் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்யும் நாளில் அவரோடு ஒரு வேளாண் பள்ளியையே புதைக்கிறோம். இன்னும் இருபது ஆண்டுகள் கழித்துப் பொதுத் தோட்டம் அமைக்க எண்ணினால், நிலம் கிடைக்கலாம், ஆசிரியர் கிடைக்கமாட்டார்.

இன்னொன்றையும் எண்ணிப் பாருங்கள். நம் மாவட்டத்தில் பாலக்கோட்டுப் பகுதி தக்காளிக்குப் பெயர் பெற்றது. விலை சரியும்போது, பறிக்கும் கூலிக்கும் கட்டாது என்று உழவர்கள் தக்காளியைச் சாலையோரம் கொட்டிய காட்சியைப் பலமுறை கண்டிருக்கிறோம். 2023 ஜூலையில் அதே தக்காளி கிலோ நூறு ரூபாயைக் கடந்தபோது நாம் எழுப்பிய கூக்குரல் நாடெங்கும் கேட்டது. ஆனால் அது சாலையில் கொட்டப்பட்ட நாள்களில் நகரத்து ஆலயங்களில் ஒரு மன்றாட்டேனும் ஒலித்ததா? ஒலிக்காததற்குக் காரணம் நம் நெஞ்சின் கொடுமை அல்ல. நம் கையின் அறியாமை. நாற்று விட்டு, நட்டு, குச்சி கட்டி, காய்ப்புழுவோடு போராடி, இரண்டு மாதங்களுக்கு மேல் காத்திருந்து முதல் பழத்தைப் பறித்தவர், சந்தையில் கூடைக்காரியிடம் ஐந்து ரூபாய்க்கு வாதாடமாட்டார். நகரத்துத் தோட்டம் உழவருக்குப் போட்டி என்பது பிழை. அது நகரத்தாருக்கு உழவரை அறிமுகம் செய்யும் இடம்.

உடல்நலக் கணக்கு ஒன்றும் உண்டு. 2019 முதல் 2021 வரை நடந்த தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தமிழகத்தில் 15 முதல் 49 வயதுவரையுள்ள பெண்களில் நூற்றுக்கு 53 பேர் இரத்தச்சோகை உள்ளவர்கள். ஒருவர் நாளொன்றுக்குக் குறைந்தது 400 கிராம் காய்கனி உண்ண வேண்டும் என்பது உலக நலவாழ்வு நிறுவனத்தின் அறிவுரை. வாடகை வீட்டில் வாழ்ந்து நாட்கூலிக்குச் செல்லும் குடும்பத்தில், பணம் குறையும் வாரத்தில் முதலில் குறைவது அரிசி அல்ல, கீரையும் காயும்தான். அதை முதலில் விட்டுக்கொடுப்பவர் தாய். சிறுகீரை விதைத்த 25 நாளில் பறிக்கலாம். முருங்கைப் போத்து ஒன்றை நட்டுவிட்டால் ஆண்டுக்கணக்கில் இலை தரும். இரும்புச்சத்து மாத்திரை வழங்கும் நம் மருந்தகங்களின் பின்புறத்தில் ஒரு முருங்கையேனும் நிற்கிறதா?

இந்த உண்மையை நம் மாவட்டத்திலேயே உணர்ந்து செயல்பட்டவர்கள் உண்டு. 1993-ஆம் ஆண்டில் மருத்துவர்கள் ரெஜி ஜார்ஜும் லலிதாவும் அரூர்ப் பகுதியின் சிட்டிலிங்கிப் பள்ளத்தாக்கில், பழங்குடி மக்களுக்கென ஓர் எளிய குடிசையில் மருத்துவப் பணியைத் தொடங்கினார்கள். பணி வளர்ந்தபோது அது மருந்தோடு நின்றுவிடவில்லை. உண்ணும் உணவும் உழும் நிலமும் நலமாயிருந்தாலன்றி உடல் நலம் நிலைக்காது என்று கண்டு, இயற்கை வேளாண்மை செய்யும் உழவர்களின் சங்கம் உருவாகத் துணை நின்றார்கள். சாமையும் ராகியும் மீண்டும் மதிப்புப் பெற்றன. மருத்துவமனை ஒன்று விதையைப் பற்றிக் கவலைப்படலாம் என்றால், ஆலயம் கவலைப்படக் கூடாதா?

இது திருச்சபைக்குப் புதிது என்று எண்ணுவோர் வரலாற்றைப் புரட்டிப் பார்க்க வேண்டும். 1891-இல் திருத்தந்தை பதின்மூன்றாம் லியோ தொழிலாளர் நிலை குறித்து வெளியிட்ட சுற்றுமடலில், தன் உழைப்பு விழுந்த மண்ணை மனிதன் அன்பு செய்யத் தொடங்குகிறான் என்று உணர்த்தினார். அச்சொல்லைச் செயலாக்கியவர்களில் இருவர் பிரெஞ்சு நாட்டுக் குருக்கள். சேன்ட் எத்தியேன் என்னும் சுரங்கத் தொழில் நகரில் பெலிக்ஸ் வோல்பெத் என்னும் இயேசு சபைக் குரு, 1890-களின் நடுவில், வேலையின்றி வாடிய தொழிலாளர் குடும்பங்களுக்கு நிலத்துண்டுகளைப் பிரித்துக் கொடுத்தார். ஆஸ்புரூக் தொகுதியின் சட்டமன்ற உறுப்பினராயிருந்த அருள்தந்தை ழூல் லெமீர், 1896-இல் ஒரு சங்கம் நிறுவி, தொழிலாளர் தோட்டங்கள் அந்நாடெங்கும் பரவ வழிவகுத்தார். அத்தோட்டங்கள் இன்றும் பிரான்சில் வாழ்கின்றன. அக்குருக்கள் கண்ட நெறி எளியது: ரொட்டி வாங்கியவன் மறுநாளும் வரிசையில் நிற்பான், நிலமும் விதையும் வாங்கியவன் தன் மேசைக்குத் தானே தலைவன் ஆவான். நாமோ நூற்று முப்பது ஆண்டுகள் கழிந்த பின்னும், கிறிஸ்துமசுக்கு ஐந்து கிலோ அரிசிப் பை வழங்கி நிழற்படம் எடுத்துக்கொள்கிறோம்.

"அரசே மாடித் தோட்டத்துக்கு உதவுகிறதே, பங்கு எதற்கு?" என்று கேட்கலாம். தமிழக அரசு 2013-14-இல் சென்னையிலும் கோவையிலும் பைகளும் விதையும் தென்னைநார்க் கழிவும் அடங்கிய மாடித் தோட்டத் தளைகளை மானிய விலையில் வழங்கும் திட்டத்தைத் தொடங்கியது. வரவேற்க வேண்டிய முயற்சியே. ஆனால் மாடித் தோட்டத்துக்கு முதலில் மாடி வேண்டும். வீட்டுக்காரர் துணி உலர்த்தவே இடம் தராத குடித்தனக்காரர் எங்கே பை வைப்பார்? மேலும், பை கொடுக்கலாம். பக்குவத்தைப் பையில் போட்டுக் கொடுக்க முடியாது. இலை சுருண்டால் என்ன செய்வது என்று பக்கத்தில் நின்று சொல்ல ஒருவர் வேண்டும். பொதுத் தோட்டத்தில்தான் அந்த ஒருவர் கிடைப்பார். தமிழர்களும் வாழும் சிங்கப்பூரில், நிலம் பொன்னைவிட அரிதாயிருந்தும், 2005-இல் அரசின் பூங்காக் கழகம் அண்டை வீட்டார் கூடிப் பயிர் செய்யும் இயக்கத்தைத் தொடங்கியது. இன்று அங்கே இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட சமூகத் தோட்டங்கள் உள்ளன.

நெருக்கடி வரும்போது கற்றுக்கொள்ளலாம் என்று எண்ணுவோர் இலங்கையைப் பார்க்கட்டும். 2022-ஆம் ஆண்டுப் பொருளாதார நெருக்கடியின்போது அந்நாட்டு அரசு, வீட்டுத் தோட்டம் செய்யட்டும் என்று அரசு ஊழியர்க்கு வெள்ளிக்கிழமைகளில் விடுமுறை அளிக்க முடிவு செய்தது. விடுமுறையை ஆணை பிறப்பித்துத் தரலாம். கைப்பழக்கத்தை ஆணையால் தர இயலாது. பசிக்குத் தவணை சொல்லலாம் என்றாலும், கத்தரிச்செடி தன் காலத்தில்தான் காய்க்கும்.

அடுத்த தடை தண்ணீர். தருமபுரிக்காரரிடம் தண்ணீரைப் பற்றி இலேசாகப் பேச எவருக்கும் உரிமை இல்லை. நிலத்தடி நீரின் புளோரைடால் பல் கறுத்து எலும்பு வளைந்த தலைமுறைகள் இங்கே உண்டு. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013-இல்தான் செயலுக்கு வந்தது. அந்தக் குடிநீரைக் கீரைக்கு ஊற்றுங்கள் என்று நாம் சொல்லவில்லை. கூரையைப் பாருங்கள் என்கிறோம். இங்கே ஆண்டுக்கு ஏறத்தாழ 850 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. 100 சதுர மீட்டர் கூரையில் விழும் மழை 85,000 லிட்டர். ஐந்தில் ஒரு பங்கு வீணானாலும் 68,000 லிட்டர் எஞ்சும். சதுர மீட்டருக்கு நாளொன்றுக்கு 4 லிட்டர் வீதம், மழையில்லாத 200 நாள்களுக்கு 80 சதுர மீட்டர் பாத்திக்கு வேண்டுவது 64,000 லிட்டர். அதாவது, சிறு மண்டபம் ஒன்றின் கூரை இரண்டு சென்ட் தோட்டத்தை ஆண்டு முழுவதும் வாழ வைக்கும். அத்தனை நீரையும் தொட்டியில் தேக்க இயலாவிடினும், கிணற்றருகே நிலத்துக்குள் இறக்கினால் ஊற்று வலுப்பெறும். மழைநீர்ச் சேகரிப்பு 2003-இலேயே தமிழகத்தில் கட்டாயமாக்கப்பட்டது. நம் கட்டடங்களில் எத்தனை குழாய்கள் இன்று மண்ணைத் தொடுகின்றன, எத்தனை குழாய்கள் தளத்தின்மேல் கொட்டிச் சாக்கடையில் சேர்கின்றன என்று ஒரு மழை நாளில் சுற்றிப் பாருங்கள். தண்ணீர் இல்லை என்னும் சொல்லின் பாதி உண்மை, மறுபாதி சோம்பல்.

இனி, எல்லாவற்றிலும் வலிய மறுப்புக்கு வருவோம். பேரவைகளில் அது வெளிப்படையாகப் பேசப்படுவதில்லை. வீட்டுத் திண்ணைகளில் பேசப்படுகிறது. "என் தகப்பன் அடுத்தவன் நிலத்தில் குனிந்து குனிந்தே செத்தான். நான் செங்கல் சூளையில் வெந்தேன். என் பிள்ளை சேற்றில் கால் வைக்காமல் இருக்கத்தானே கான்வென்டில் சேர்த்தேன்? அங்கேயும் மண்வெட்டியைக் கொடுப்பீர்களா?" இந்தக் குரலுக்கு முன் எந்தச் சுற்றுமடலையும் நீட்டிவிட முடியாது. இக்குரல் சோம்பலின் குரல் அல்ல, காயத்தின் குரல். நம் நாட்டில் மண்ணைத் தொடுவது சிலருக்கு விதியாகவும் சிலருக்கு இழிவாகவும் ஆக்கப்பட்டது. பள்ளிக்கூடங்களும் அதைத்தானே செய்தன? வீட்டுப்பாடம் எழுதாத பையனைச் செடிக்குத் தண்ணீர் ஊற்ற அனுப்பினோம். விடுதியில் கட்டணம் செலுத்த இயலாத பிள்ளைகளைக் களை எடுக்க விட்டோம். கட்டணம் செலுத்திய பிள்ளை அப்போது ஆங்கிலம் படித்துக்கொண்டிருந்தான். தோட்டம் தண்டனையாக இருந்த இடத்தில், அதை இறையியல் என்று எப்படிக் கற்பிப்பது?

திருவிவிலியத்தில் காய்கறித் தோட்டம் ஒன்றைப் பேராசையோடு விரும்பிய அரசன் ஒருவன் இருக்கிறான். ஆகாபு அவன் பெயர். அரண்மனைக்குப் பக்கத்தில் இருந்த நாபோத்தின் திராட்சைத் தோட்டத்தைத் தன் காய்கறித் தோட்டமாக்க ஆசைப்பட்டான். மூதாதையர் தந்த நிலத்தை நாபோத்து விற்க மறுத்தான். பொய்ச்சாட்சியால் அவன் கல்லெறிந்து கொல்லப்பட்டான். அரசனுக்குத் தோட்டம் கிடைத்தது. அரசர்கள் முதல் நூலின் 21-ஆம் அதிகாரம் இதைச் சொல்கிறது. ஏழை உழைக்க, பெரியவர் உண்ணும் தோட்டம் எத்தனை பசுமையாயிருந்தாலும் அது ஆகாபின் தோட்டமே. ஆலய வளாகத்தில் கோவில்பிள்ளையும் விடுதிப் பிள்ளைகளும் வியர்வை சிந்தி, விளைச்சல் பங்கு இல்லத்துச் சமையலறைக்குப் போகுமானால், எலியா நம் வாயிலிலும் வந்து நிற்பார்.

ஆகவே அந்தத் தகப்பனுக்கு நாம் சொல்லும் விடை இதுதான்: உம் பிள்ளையின் கையில் மட்டும் மண்வெட்டியைக் கொடுக்கமாட்டோம். மருத்துவரின் மகளும் கொடுக்கல் வாங்கல் செய்பவரின் மகனும் அதே பாத்தியில், அதே வரிசையில், அதே நேரம் நிற்பார்கள், பங்குத்தந்தையும் நிற்பார். அவர்களுக்குக் கற்றுக்கொடுக்கும் ஆசிரியராக உம் தாய் நிற்பார். இதுவரை கூலி என்று அழைக்கப்பட்ட அறிவு, அன்று முதல் கல்வி என்று அழைக்கப்படும். இந்த வாக்குறுதியைக் காப்பாற்ற இயலாத பங்கு, தயவு செய்து தோட்டம் தொடங்க வேண்டாம். சிமெண்டுத் தளமே மேல். அது எவரையும் இழிவுபடுத்துவதில்லை.

காப்பாற்ற விரும்பும் பங்குகளுக்கு நான்கு நிபந்தனைகளை முன்வைக்கிறோம். முதலாவது, குறைந்தது இரண்டு சென்ட் நிலம், பங்குப் பேரவையின் எழுத்துப்பூர்வமான தீர்மானத்தோடு ஒதுக்கப்பட வேண்டும். பங்குத்தந்தை மாறியதும் பாத்திகள் கார் நிறுத்துமிடமாக மாறும் நிலை கூடாது. இரண்டாவது, ஒவ்வோர் அன்பியத்திலும் பயிர்த்தொழில் அறிந்த முதிய பெண்களைத் தேடி அழைத்து, மறைக்கல்வி ஆசிரியர்க்குத் தரும் மதிப்பையும், இயன்ற மதிப்பூதியத்தையும் தர வேண்டும். மூன்றாவது, முறை வைத்து அனைவரும் உழைக்க வேண்டும். பணம் கொடுத்து ஆள் அனுப்புவதற்கும், தண்டனையாக எவரையும் அனுப்புவதற்கும் இடமிருக்கக் கூடாது. நான்காவது, விளைச்சலை ஏலம் விடக் கூடாது. திருப்பலி முடிந்து பூசணிக்காயை ஆயிரம் ரூபாய்க்கு ஏலம் எடுப்பவரின் பெயர் ஒலிபெருக்கியில் முழங்கும். தண்ணீர் ஊற்றியவரின் பெயர் எங்கே? உழைத்தவர்க்கு எல்லார் முன்னிலையிலும் சமப் பங்கு தரப்பட வேண்டும். லேவியர் நூல் கட்டளையிடுவது போல, ஒரு மூலை பறிக்கப்படாமல் ஏழைக்கும் அந்நியருக்கும் விடப்பட வேண்டும். அவர்கள் கேட்காமலே பறித்துச் செல்ல வேண்டும்.

பாடத்திட்டம் எளியது. முதல் மாதம் மண் கொத்தி, தொழு உரம் இட்டு, கீரை. இரண்டாம் மாதம் வெண்டையும் கொத்தவரையும். அதே வேளையில் கத்தரி, தக்காளி, மிளகாய்க்கு நாற்றங்கால். பந்தலில் பீர்க்கும் பாகலும் அவரையும். ஆண்டின் இறுதிப் பாடம் விதை எடுத்தல். தானே எடுத்த விதையைக் கையில் ஏந்தி வெளியே செல்லும் பிள்ளையே இப்பள்ளியில் தேர்ச்சி பெற்றவர். இதற்கு வெளிநாட்டு நிதி வேண்டாம். திட்ட அறிக்கை வேண்டாம். திறப்பு விழாவும் வேண்டாம்.

உரோமையின் அருகே காஸ்தெல் கந்தோல்போவில் திருத்தந்தையரின் கோடைக்கால இல்லத்துத் தோட்டங்களும் பண்ணை நிலமும் சேர்ந்த 55 எக்டர் நிலம், திருத்தந்தை பிரான்சிசின் விருப்பப்படி, எளியோர்க்குப் பயிற்சி தரும் பள்ளியாக மாறியிருக்கிறது. 2025 செப்டம்பர் 5-ஆம் நாள் திருத்தந்தை பதினான்காம் லியோ அதைத் திறந்துவைத்தார். திருத்தந்தையர் உலாவிய தோட்டம் வகுப்பறை ஆகலாம் என்றால், நம் ஆலயத்தின் வண்ணக் கற்களைப் பெயர்ப்பது தெய்வக் குற்றம் ஆகாது.

கடவுள் முதல் மனிதனுக்குக் கொடுத்த முதல் வேலை, ஏதேனைப் பண்படுத்திப் பேணுவது. உயிர்த்த ஆண்டவரைக் கல்லறை அருகே முதலில் கண்ட மகதலா மரியா, அவரைத் தோட்டக்காரர் என்று எண்ணினார். அந்த எண்ணத்தில் ஆண்டவருக்கு அவமானம் ஒன்றும் தோன்றவில்லை. தோட்டக்காரர் என்று அழைக்கப்படுவதை அவமானமாகக் கருதுபவர்கள் அவருடைய சீடர்களாகிய நாம்தாம்.

ஆடிப்பட்டம் தேடி விதை என்பது நம் முன்னோர் வாக்கு. அதற்கு முன் கூடும் பங்குப் பேரவைக் கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் இதை ஒரு பொருளாகச் சேர்க்குமாறு, வாசகர்களாகிய நீங்கள் எழுத்தில் கேளுங்கள். மறுத்தால் காரணத்தையும் எழுத்தில் கேளுங்கள். அதுவரை காத்திருக்கவும் வேண்டாம். உங்கள் அன்பியத்தில் வயது முதிர்ந்த பெண்மணி எவரேனும் இருந்தால், இந்த வாரமே அவர் வீட்டுக்குச் சென்று, "பாட்டி, கீரை விதைக்கக் கற்றுக்கொடுங்கள்" என்று கேளுங்கள். அவரிடம் அதை எவரும் இதுவரை கேட்டிருக்கமாட்டார்கள்.